பழைய டிங்கிகளுக்கு ஒரு வார இறுதி

பாய்ப்படகுச் சந்திப்பு என்றதும் எல்லோருக்கும் தண்ணீர்தான் முதலில் நினைவுக்கு வரும். மிதவையை எங்கே போடுவது, எத்தனை சுற்று, கொடி ஏற்றுவது யார்? புதிய ஃபைபர் படகுகளுக்கு அந்த வரிசை சரிதான். அறுபது எழுபது வயதான மரப்படகுகள் வருகிற சந்திப்பென்றால் கரையிலிருந்து தொடங்குங்கள். படகு டிரெய்லரிலிருந்து இறங்கி, பாய்மரம் நிமிர்ந்து, பாய் ஏறி, தண்ணீரைத் தொடுவதற்குள் அரை நாள் போய்விடும். அதற்குள் பக்கத்தில் நிற்பவர் வந்து, "எங்கப்பா கையால இதே மாதிரி ஒண்ணு செஞ்சாரு" என்று ஆரம்பித்துவிடுவார். அந்தப் பேச்சுக்காகத்தான் அவர் 150 மைல் படகை இழுத்துக்கொண்டு வந்திருக்கிறார்.

நான் முதன்முதலில் பொறுப்பேற்ற ஆண்டு காலை 11 மணிக்கு முதல் பந்தயம் என்று அச்சடித்துக் கொடுத்திருந்தேன். 11 மணிக்குத் தண்ணீரில் நின்றவை நான்கே படகுகள். மற்ற பதினைந்தும் புல்வெளியில், ஒவ்வொன்றைச் சுற்றியும் ஒரு கூட்டம். கோபமாக ஒலிபெருக்கியை எடுத்தேன். பிறகு, பதினைந்து பேர் ஒரே நேரத்தில் தவறு செய்ய மாட்டார்கள், தவறு என் அட்டவணையில்தான் என்று புரிந்து, அதைக் கீழே வைத்தேன். அடுத்த ஆண்டிலிருந்து சனிக்கிழமை முதல் பந்தயம் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகுதான்.

இந்த அத்தியாயம் பிரிட்டனை மனதில் வைத்து எழுதப்படுகிறது. டிங்கி எனப்படும் சிறு பாய்ப்படகுகளின் பந்தயம் பணக்காரர் கையிலிருந்து பள்ளி ஆசிரியர், அச்சுத் தொழிலாளி வரை இறங்கி வந்த கதையில் பெரும்பகுதி அங்கேதான் நடந்தது. 1920களில் 14 அடிப் படகு வைத்திருப்பது வசதி படைத்தவர்களின் விளையாட்டு. 1936இல் செலவைக் குறைக்கவென்றே 12 அடி 'நேஷனல் 12' வந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜாக் ஹோல்ட் என்ற வடிவமைப்பாளர் வீட்டிலேயே ஒட்டுப்பலகையில் செய்துகொள்ளக்கூடிய படகுகளை வரிசையாக வரைந்து தள்ளினார். 1956இல் 'என்டர்பிரைஸ்', 1963இல் தொலைக்காட்சித் தச்சர் பேரி பக்னெலோடு சேர்ந்து 'மிரர்'. இரண்டுக்கும் பின்னால் நின்றவை செய்தித்தாள்கள். மிரரின் பலகைகளைச் செம்புக் கம்பியால் தைத்து, இணைப்பில் பிசினும் கண்ணாடி இழை நாடாவும் ஒட்டினால் படகு தயார். இன்றைக்கு வயதான பலரின் முதல் படகு, அப்பாவோடு கார் கொட்டகையில் அப்படித் தைத்ததுதான். உங்கள் விருந்தினர் யார் என்பது இதிலேயே தெரிந்துவிடும்.

எது பழைய படகு?

இதை அழைப்பிதழ் எழுதும்போதே முடிவு செய்துவிடுங்கள். வடிவமைத்த ஆண்டா, கட்டிய ஆண்டா? மிரரின் வடிவம் 1963. ஆனால் ஃபைபரில் வார்த்த, நேற்றுக் கடையில் வாங்கிய மிரரும் உண்டு. வடிவம் பழையது, படகு புதியது. நான் வைத்திருக்கும் விதி எளிது: வடிவம் 1965க்கு முந்தையதாக இருக்க வேண்டும், உடல் மரமாக இருக்க வேண்டும். 1962இல் பீட்டர் மில்ன் வரைந்த 'ஃபயர்பால்' இதில் உள்ளே வந்துவிடும். சிலர் முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும். எல்லைக்கோட்டில் நிற்கும் படகைத் திருப்பி அனுப்பாதீர்கள். பரிசுப் பட்டியலில் சேர்க்காமல் ஓட விடுங்கள்.

இன்னொரு கேள்வி துணைக்கருவிகளைப் பற்றியது. 1938இல் ஃபால்மத்தில் நடந்த பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் கோப்பைப் பந்தயத்தில் பீட்டர் ஸ்காட்டும் ஜான் விண்டரும் 'தண்டர் அண்ட் லைட்னிங்' என்ற 14 அடிப் படகில் ஒரு புதுமையோடு வந்தார்கள். பாய்மரத்திலிருந்து தொங்கும் கம்பியில் உடலை மாட்டிக்கொண்டு, ஒருவர் படகுக்கு வெளியே முழுதாகச் சாய்ந்து நின்றார். வென்றார்கள். உடனே அந்தப் படகு வகுப்பில் அந்த ஏற்பாடு தடை செய்யப்பட்டது. இன்று 'டிரபீஸ்' என்று சாதாரணமாக எல்லோரும் மாட்டிக்கொள்வது அதுதான். ஆகவே போருக்கு முந்தைய 14 அடிப் படகில் ஒருவர் டிரபீஸ் மாட்டிக்கொண்டு வந்தால் என்ன செய்வது? அந்தப் படகு தன் காலத்தில் எப்படி ஓடியதோ அப்படியே ஓடட்டும் என்பது என் தீர்ப்பு. பாய்க்கு மட்டும் விலக்கு கொடுங்கள். பருத்திப் பாய் நனைந்தால் பூஞ்சை பிடிக்கும், இழுத்தால் உருக்குலையும். இருக்கிற ஒன்றிரண்டையும் மழையில் நாசமாக்கச் சொல்வது பாவம். டெரிலீன் என்ற செயற்கை இழைப் பாயோடு வந்தால் ஏற்றுக்கொள்ளுங்கள்.

தேதியும் இடமும்

கிளப்புகள் அடுத்த ஆண்டின் நாட்காட்டியைக் குளிர்காலத்திலேயே முடித்துவிடும். நவம்பருக்குள் கேட்கவில்லையென்றால் உங்களுக்கு மிஞ்சுவது யாரும் விரும்பாத தேதி. ஜூன் நல்ல மாதம். தென் இங்கிலாந்தில் இரவு 9 மணிக்கும் வெளிச்சம் இருக்கும், கரையில் பேசிக்கொண்டே படகைக் கட்டி முடிக்கலாம். ஆகஸ்ட் கடைசியில் நீர்த்தேக்கங்களில் மட்டம் இறங்கி, படகு இறக்கும் சரிவு சேற்றில் போய் முடியும். நீலப்பச்சைப் பாசி படர்ந்தால் தண்ணீரையே மூடிவிடுவார்கள்.

கடலா, உள்நாட்டு ஏரியா என்றால் முதல் சந்திப்புக்கு ஏரி. கடலோரத்தின் அழகு வேறு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஏற்றவற்றம் உங்கள் அட்டவணையைத் தன் கையில் எடுத்துக்கொள்ளும். சிச்செஸ்டர் துறைமுகத்தில் பாசம் என்ற அழகான ஊர் இருக்கிறது. அங்கே கரையோரச் சாலையே பெருவெள்ள ஏற்றத்தில் மூழ்கும், நிறுத்திவிட்டுப் போன கார்களோடு. பழைய படகுக்காரர்கள் நேரம் பார்த்துக் காரை நகர்த்தும் ரகமல்ல.

இடத்தைப் பார்க்கப் போகும்போது தண்ணீரைக் கடைசியாகப் பாருங்கள். முதலில் புல்வெளி: ஒவ்வொரு படகுக்கும் ஒரு காரும் டிரெய்லரும் சேரும், படகைச் சுற்றி ஆட்கள் நடக்க இடம் வேண்டும். பிறகு சரிவு எவ்வளவு அகலம், டிராலி சக்கரம் வழுக்காமல் இருக்குமா, வயதானவர் இருவர் 120 கிலோ படகைத் திரும்ப மேலே இழுக்க முடியுமா. இழுக்க முடியாது என்றால் கயிறும் இளைஞர் நால்வரும் வேண்டும், அதையும் திட்டத்தில் எழுதுங்கள். பிறகு கழிப்பறை, கூடாரம் போட இடம், மழை வந்தால் எல்லோரும் உட்கார ஒரு கூரை.

வெள்ளிக்கிழமை மாலை

இந்த வார இறுதியின் வெற்றி வெள்ளி மாலையில் இருக்கிறது. காரணம் சொல்கிறேன்.

பழைய டிங்கிகளில் ஒருவகை 'கிளிங்கர்' கட்டு. கூரையில் ஓடு ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடப்பதுபோலப் பலகைகள் விளிம்பில் ஏறிக் கிடக்கும். செம்பு ஆணியால் அடித்து முடுக்கியிருப்பார்கள். குளிர்காலம் முழுக்கக் கொட்டகையில் உலர்ந்தால் பலகை சுருங்கும், இணைப்பு வாய் திறக்கும். அப்படியே தண்ணீரில் இறக்கினால் கால் மணியில் படகு பாதி நிறையும். நம் கடற்கரையில் வள்ளத்துக்குக் கலப்பத்து பார்ப்பதுபோல இடுக்கில் எதையாவது அடைக்கலாம் என்று ஒருவர் கிளம்புவார். தடுத்துவிடுங்கள். ஏறிக் கிடக்கும் பலகை இடுக்கில் திணித்தால், மரம் ஊறி உப்பும்போது ஆணியையே பிய்த்துவிடும். ஊற விடுவதுதான் மருந்து. டிராலியிலேயே வைத்து, உள்ளே ஈரச் சாக்கு பரப்பி, குழாயால் நனைத்துக்கொண்டே இருக்கலாம். அல்லது முழங்கால் ஆழத்தில் இறக்கி ஓர் இரவு விடலாம். காலையில் பார்த்தால் இணைப்புகள் இறுகியிருக்கும்.

எல்லா மரப்படகுக்கும் இது பொருந்தாது. 1946இல் உஃபா ஃபாக்ஸ் வரைந்த 12 அடி 'ஃபயர்ஃப்ளை'யை ஹாம்பிளில் ஃபேரி மரைன் நிறுவனம் விமானத் தொழிலின் முறையில் கட்டியது: மெல்லிய மரத்தகடுகளை அச்சின்மேல் அடுக்கி, பசை தடவி, வெப்ப அறையில் வேகவைத்து ஒரே ஓடாக எடுத்தார்கள். அதில் சுருங்க இணைப்பே கிடையாது. ஈரச் சாக்கு போட்டால் அடுக்கு பிரிவதுதான் மிச்சம். ஒட்டுப்பலகைப் படகுக்கும் இதே எச்சரிக்கை.

இங்கே இன்னொரு சிக்கலும் உண்டு. 2010இல் கிராஃபம் நீர்த்தேக்கத்தில் வெளியிலிருந்து வந்த, உள்ளூர் உயிர்களைத் தின்றுதீர்க்கும் ஓர் இறால் வகை கண்டுபிடிக்கப்பட்டது. ஒரு நீர்நிலையிலிருந்து இன்னொன்றுக்கு அதைச் சுமந்து போவது படகும் கயிறும் ஈரக்காலணியும்தான். அதனால் 'பார், கழுவு, உலர்த்து' என்பது இப்போது பொதுக் கட்டளை. வரும் படகு காய்ந்து வர வேண்டும். காய்ந்து வந்தால் ஒழுகும். ஆக, சுத்தத்துக்காக உலர்த்திய படகை உங்கள் ஏரியின் தண்ணீரால் மறுபடி ஊறவைக்க நேரம் ஒதுக்குவது விருந்தளிப்பவரின் கடமை. வெள்ளி பிற்பகல் 3 மணிக்கே வாயிலைத் திறந்துவையுங்கள். நீண்ட குழாய் இரண்டு, பழைய சாக்கு ஒரு கட்டு. இந்த மூன்றுக்கும் ஆகும் செலவு கோப்பைக்கு ஆவதைவிடக் குறைவு, பயன் அதிகம்.

பழுது மேசை ஒன்றும் போடுங்கள். செம்பு ஆணி, நெளிவளையங்கள், பாய் ஒட்டும் நாடா, மெழுகு நூலும் ஊசியும், எபாக்சி, இறுக்கிகள், டிரெய்லர் சக்கரத்துக்கு கிரீஸ். வரும் வழியில் பந்தயத்துக்கு முன்பே தோற்றுப்போவது பெரும்பாலும் சக்கர பேரிங்தான். காரோடு டிரெய்லர் இழுப்பவருக்கு நடுவே தடுப்பில்லாத சாலையில் மணிக்கு 50 மைல், மோட்டார்வேயில் 60 மைல்தான் உச்சம் என்பதை அழைப்பிதழிலேயே நினைவூட்டுங்கள். பயண நேரத்தை எல்லோரும் தவறாகவே கணக்குப் போடுகிறார்கள்.

பந்தயம்

12 அடிப் படகும் 18 அடிப் படகும் ஒரே கோட்டில் கிளம்பினால் யார் வென்றார் என்று எப்படிச் சொல்வது? போர்ட்ஸ்மத் எண் முறைதான் விடை. ஒவ்வொரு வகைப் படகுக்கும் ஓர் எண் உண்டு. வேகமானதற்குச் சிறியது, மெதுவானதற்குப் பெரியது. எடுத்துக்கொண்ட நேரத்தை 1000ஆல் பெருக்கி அந்த எண்ணால் வகுத்தால் திருத்திய நேரம் வரும். உதாரணத்துக்கு, 1100 எண்ணுள்ள படகு 55 நிமிடத்தில் முடித்தால் அது 50 நிமிடம். 1200 எண்ணுள்ள படகு 59 நிமிடத்தில் பின்னால் வந்து சேர்ந்தாலும் அதன் கணக்கு 49 நிமிடம் 10 விநாடி. வென்றது அதுதான்.

ஆனால் அதிகாரப்பூர்வப் பட்டியலை அப்படியே எடுத்துவைத்தால் அநியாயமாகிவிடும். நேஷனல் 12, மெர்லின் ராக்கெட் போன்றவை வளரும் வகுப்புகள். விதிக்குள் யாரும் புதிதாக வரையலாம். 1936இன் நேஷனல் 12க்கும் போன வருடத்து நேஷனல் 12க்கும் பெயரும் நீளமும் ஒன்று, வேகம் ஒன்றல்ல. பழைய வடிவங்களுக்கெனத் திருத்திய எண்களைப் பழைய படகு ஆர்வலர் சங்கங்கள் வைத்திருக்கின்றன, அவற்றைக் கேட்டு வாங்குங்கள். அப்படியும் ஒருவர் எல்லாப் பந்தயத்தையும் வென்றுகொண்டே போனால், ஞாயிறு காலை அவர் எண்ணைச் சற்றுக் குறைத்துவிடுங்கள். சிரித்துக்கொண்டே சொன்னால் ஏற்றுக்கொள்வார்.

சனிக்கிழமை இரண்டு பந்தயம் போதும், ஒவ்வொன்றும் 40, 45 நிமிடம். தடத்தை முக்கோணமாகப் போடுங்கள். காற்றை எதிர்த்து மேலே, காற்றோடு நேரே கீழே என்று இன்று வழக்கமாகிவிட்ட தடம், பெரிய பலூன் பாய் உள்ள படகுகளுக்கானது. பழைய டிங்கி பக்கக்காற்றில்தான் உயிர் பெறும். 1928இல் உஃபா ஃபாக்ஸின் 'அவெஞ்சர்' 57 முறை பந்தயத்தில் இறங்கி 52 முறை முதலாவதாக வந்ததற்குக் காரணம், தண்ணீரைக் கிழித்துப் போகாமல் அதன்மேல் எழும்பிச் சறுக்கும்படி அதன் வயிற்றை அவர் வரைந்திருந்ததுதான். பக்கக்காற்றில் படகு அப்படி எழும்பும் அந்த அரை நிமிடத்துக்காகத்தான் மனிதர்கள் இத்தனை வார்னிஷ் அடிக்கிறார்கள்.

பின்தங்கியவர்களை எல்லாச் சுற்றும் முடிக்கவைத்து எல்லோரையும் காக்க வைக்காதீர்கள். முன்னவர் 4 சுற்று முடித்ததும் பந்தயத்தை நிறுத்துங்கள். 3 சுற்று மட்டும் 48 நிமிடத்தில் முடித்தவருக்குச் சுற்றுக்கு 16 நிமிடம், 4 சுற்றுக்கு 64 நிமிடம் என்று கணக்கிட்டுக்கொள்ளலாம்.

ஞாயிறு காலைக்குத் துரத்தல் பந்தயம். மெதுவான படகு முதலில் கிளம்பும், வேகமானது கடைசியில். குறித்த நேரத்தில் ஊதும்போது யார் முன்னால் இருக்கிறாரோ அவரே வெற்றியாளர். 60 நிமிடப் பந்தயத்தில் 1400 எண் படகு முதலில் கிளம்பினால், 1000 எண் படகு 17 நிமிடம் 9 விநாடி கழித்துக் கிளம்ப வேண்டும். கணக்கெல்லாம் முன்னிரவே முடிந்துவிடுவதால் பந்தயம் முடிந்ததும் யாரும் மேசையைச் சுற்றி நிற்க மாட்டார்கள், ஊருக்குக் கிளம்பலாம்.

மூழ்கும் படகுகள்

இதில் விட்டுக்கொடுப்பே கூடாது. நவீன டிங்கி கவிழ்ந்தால் நிமிர்த்தி ஏறிக்கொண்டு போய்விடலாம். போருக்கு முந்தைய பல படகுகளில் உள்ளறைக் காற்றுப்பெட்டி கிடையாது; காற்றுப்பைகளை வங்குக் கட்டைகளோடு வாரால் கட்டியிருப்பார்கள். கவிழ்ந்ததும் பை மேலே இழுக்கும், அந்தக் காலத்துத் திருகாணி மரத்தோடு பிடுங்கிக்கொண்டு வரும். ஆகவே பதிவு மேசையில் வார்களை இழுத்துப் பார்க்க ஒருவரை உட்காரவையுங்கள். மூன்றாம் நபர் காப்பீட்டுச் சான்றையும் அங்கேயே பார்த்துவிடலாம்.

மீட்புப் படகு பத்துக்கு ஒன்று என்பது வழக்கமான கணக்கு. இங்கே ஆறுக்கு ஒன்று வையுங்கள், ரப்பர் பக்கம் உள்ளதாக. ஓட்டுநர்களுக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டியது: நீர் நிறைந்த படகை அதன் முன்முனையான அணியத்து வளையத்தில் கயிறு மாட்டி இழுத்தால் வளையம் மட்டும்தான் கரை சேரும். பாய்மரத்தின் அடியில் கயிறு சுற்றி, மெதுவாக இழுக்க வேண்டும். முதலில் மனிதர், பிறகுதான் படகு. படகின் சொந்தக்காரர் தண்ணீரிலிருந்து இதற்கு மாறாகக் கத்துவார், காதில் வாங்க வேண்டாம். கிளப்புகள் பயன்படுத்தும் எம், எம்2 அலைவரிசையில் எல்லா வாக்கி டாக்கியும் வேலை செய்கிறதா என்று காலையில் ஒருமுறை சோதியுங்கள்.

காற்று பியூஃபோர்ட் அளவில் 4 வரை ஓடலாம். 5 ஆகி 17 நாட் வேகத்தைத் தாண்டினால் நான் ரத்து செய்துவிடுவேன். முணுமுணுப்பவர்கள் அரை மணிக்குள் யாருடைய படகையாவது குனிந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

சனி இரவு

சாப்பாட்டைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை: சூடாக, ஏழரை மணிக்கு, சைவத்துக்குத் தனிப் பாத்திரம். சமையல்காரர் ஒருவர் கடைசி நேரத்தில் கைவிட்டு நாற்பது பேருக்கு ரொட்டியும் பாலாடைக்கட்டியும் கொடுத்த வருடத்தையும் பார்த்திருக்கிறேன். மறுநாள் யாரும் அதைக் குறை சொல்லவில்லை.

ஆனால் படகு அட்டைகளை மறக்காதீர்கள். பதிவு செய்யும்போதே ஒவ்வொருவரிடமும் அரைப் பக்கம் கேளுங்கள்: படகின் பெயர், பாய் எண், யார் கட்டியது, எங்கே கிடைத்தது, என்ன செய்யப்பட்டது. பகலில் அதைப் படகின்மேல் கட்டித் தொங்கவிடுங்கள், இரவில் சுவரில் ஒட்டுங்கள். பாய் எண் இருந்தால் வகுப்புச் சங்கப் பதிவேட்டிலிருந்து பழைய உரிமையாளர்களைத் தேடலாம். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் ஒற்றையாள் பந்தயம் டார்கேயில் ஃபயர்ஃப்ளை படகுகளில் நடந்தது. டென்மார்க்கின் பால் எல்வ்ஸ்ட்ரோம் தங்கம் வென்றார், அதையும் சேர்த்து 1960 வரை தொடர்ந்து நான்கு. அந்தக் காலத்து ஃபயர்ஃப்ளை ஒன்று உங்கள் சந்திப்புக்கு வந்தால், இதுவும் அங்கே ஓடியிருக்குமோ என்ற கேள்வியை யாராவது எழுப்பாமல் இருக்க மாட்டார்கள். பதிவேட்டின் நகல் கையில் இருந்தால் இரவு நீளும்.

பரிசுகளில் மிக அழகான படகுக்கு ஒன்று கொடுப்பது மரபு. அதோடு, மிக மோசமான நிலையிலும் துணிந்து வந்த படகுக்கு ஒன்று கொடுங்கள். தொலைவிலிருந்து இழுத்து வந்தவருக்கு ஒன்று. படகின் வயதும் ஓட்டியவர்களின் வயதும் கூட்டி அதிகம் வருபவருக்கு ஒன்று. முதல் மூன்று இடங்களுக்கான பரிசைச் சிறியதாகவே வையுங்கள்.

ஞாயிறு பிற்பகல்

பரிசளிப்பு இரண்டு மணிக்கு, இருபது நிமிடம். அதன் பிறகு ஊறவைக்கப் பயன்பட்ட அதே குழாய் கழுவப் பயன்படும்: படகின் அடி, டிராலி, கயிறு, காலணி, உள்ளே தேங்கிய தண்ணீர் எல்லாம் இங்கேயே வடிய வேண்டும். வரிசை நீளும், ஆகவே தொலைவிலிருந்து வந்தவர்களை முதலில் அனுப்புங்கள். ஒவ்வொரு டிரெய்லரின் பின்விளக்கையும் ஒருவர் நின்று பார்க்கட்டும், பிரேக், இடது, வலது. கடைசிக் கார் போனதும் புல்வெளியைக் குறுக்கும் நெடுக்குமாக ஒருமுறை நடந்து பாருங்கள். தாமான் கயிறு ஒன்று, கூம்பு முள் இரண்டு மூன்று, ஒரு சுக்கான் பிடி கூடக் கிடைக்கும். எல்லாவற்றையும் ஒரு வாளியில் போட்டு, தேதி எழுதி, கிளப் கொட்டகையில் வையுங்கள். சுக்கான் பிடிக்காரர் திங்கட்கிழமை காலை கூப்பிடுவார்.